கறுப்புத் திரையிலிருந்து ஒரு டயல்-அப் இணைப்பு

2002-ஆம் ஆண்டு, ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய பென்டியம் கணினி எங்கள் கும்பகோணம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 32 எம்பி நினைவகம். ரெட் ஹேட் லினக்ஸ் 7.2 ஏற்கெனவே அதில் ஏற்றப்பட்டிருந்தது. வரைகலைத் திரையைத் திறந்தால் வட்டு கடகடவென்று அரைக்கத் தொடங்கும், சுட்டி நகர்வதற்குள் பொறுமை போய்விடும். எனவே எழுத்துத் திரையிலேயே டயல்-அப், அதாவது தொலைபேசி வழி இணைய இணைப்பை அமைப்பது என்று உட்கார்ந்தேன். இந்த வேலையில் நான்கு தரப்புகள் இருக்கின்றன: கணினியின் சீரியல் போர்ட், மோடம், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், மறுமுனையில் இருக்கும் சேவை நிறுவனத்தின் கணினி. கோளாறு யாரிடம் என்று தெரியாமல் அமைப்புக் கோப்புகளைத் திருத்துவது வீண் வேலை. ஆகவே ஒவ்வொரு தரப்பையும் தனியே பேசவைத்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போவது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் என்னிடம் இருந்த உள் மோடத்தைப் பொருத்திப் பார்த்தேன். பிசிஐ அட்டைகளைப் பட்டியலிடும் கட்டளை அதைக் காட்டியது. ஆனால் எந்த சீரியல் போர்ட்டிலும் அது பதில் சொல்லவில்லை. அது வின்மோடம் வகை. அதாவது ஒலியைத் தரவாகவும் தரவை ஒலியாகவும் மாற்றும் வேலையை மோடம் செய்யாது, விண்டோஸ் டிரைவர் வழியாகக் கணினியின் செயலியின் தலையில் கட்டிவிடும். லூசென்ட் சில்லு வைத்த சில அட்டைகளுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது, என்னுடையதற்குக் கிடைக்கவில்லை. அதோடு மல்லுக்கட்டாமல், சீரியல் கேபிளில் இணையும் வெளி மோடம் ஒன்றை வாங்கினேன். விலை கூடுதல்தான். ஆனால் முகப்பில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் இருந்தன. ஓஹெச் என்று எழுதிய விளக்கு எரிந்தால் மோடம் தொலைபேசியை எடுத்திருக்கிறது, சிடி எரிந்தால் மறுமுனையின் மோடம் கிடைத்துவிட்டது. எந்தப் பிழைச் செய்தியையும்விட இந்த விளக்குகள் எனக்கு உதவின.

விண்டோஸில் காம்1 என்று சொல்லும் போர்ட் லினக்ஸில் டிடிஒய்எஸ்0, காம்2 என்பது டிடிஒய்எஸ்1. செட்சீரியல் கட்டளையை ஓட்டியதும் 16550ஏ வகை யூஆர்டி (சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லு), ஐஆர்க்யூ 4 என்று பதில் வந்தது. நிம்மதியாக இருந்தது. 16550ஏ சில்லுக்கு 16 பைட் தாங்கும் இடைத்தேக்கம் உண்டு. மிகப் பழைய 8250 சில்லாக இருந்தால் ஒரு பைட்தான். அதை எடுத்துக்கொள்ளச் செயலி சற்றுத் தாமதித்தாலும் அடுத்து வருவது தொலைந்துபோகும்.

பிறகு மினிகாம் நிரலைத் திறந்து வேகத்தை 115200 என்று வைத்தேன். மோடம் 56000-க்கு மேல் போகாதே, எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். மோடம் தரவைச் சுருக்கி அனுப்பி, விரித்துத் தருகிறது. விரித்த தரவு கணினிக்கு வந்து சேரும் பாதை தொலைபேசிக் கம்பியைவிட அகலமாக இருக்கவேண்டும். ஏடி என்று தட்டி என்டர் அழுத்தினால் ஓகே என்று பதில் வருகிறது. 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்கு உருவாக்கிய கட்டளை மொழி இது. அதன்பின் வந்த மோடம்கள் ஏறக்குறைய எல்லாமே இதைத்தான் பேசுகின்றன. ஓகே வந்துவிட்டால் போர்ட், கேபிள், மோடம் மூன்றும் சரி.

அடுத்து எக்ஸ்சேஞ்ச். ஏடிடிடி என்று தட்டி, சேவை நிறுவனத்தின் எண்ணையும் சேர்த்தேன். சில வினாடிகளில் நோ டயல்டோன் என்று திரும்பி வந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தால் டயல் டோன் கணீரென்று கேட்கிறது! அமெரிக்காவில் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டின் கலவை. நம் ஊரில் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒலி. வேறு நாட்டுக்கென்று அமைத்து வரும் மோடம் நம் டோனை டோன் என்றே ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். ஏடிஎக்ஸ்3 என்று ஒரு கட்டளை இருக்கிறது: டயல் டோனுக்குக் காத்திராதே, எண்ணைச் சுழற்று, பிஸி டோன் வந்தால் மட்டும் சொல். அதைக் கொடுத்ததும் மோடம் டயல் செய்தது. அப்போது பழைய எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்கு டோன் முறையே வேலை செய்யாது. அவர்கள் ஏடிடிடி-க்குப் பதில் ஏடிடிபி என்று பல்ஸ் முறையில் டயல் செய்யவேண்டியிருந்தது.

இரண்டு மோடம்களும் கீச்சிட்டு, உறுமி, இரைந்து ஓய்ந்ததும் திரையில் கனெக்ட் என்று வந்தது. அதன் பிறகு குப்பை. ~ குறியும் } குறியும் நடுநடுவே புரியாத எழுத்துகளுமாக ஒரு வரி, சில வினாடிகள் கழித்து அதே வரி மறுபடியும். இதைப் பார்த்துப் பலர் மோடம் பழுது என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் இதைவிட நல்ல சேதி கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியே இரண்டு கணினிகள் இணையத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பிபிபி நெறிமுறையில் ஒவ்வொரு சட்டகமும் 126 என்ற பைட்டில் தொடங்கும், அந்த பைட்டை எழுத்தாகக் காட்டினால் ~ குறி. மறுமுனைக் கணினி பயனர் பெயரைக் கேட்டுக் காத்திருக்காமல், நேரடியாக பிபிபி பேசத் தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருள். ஆகவே பெயரும் கடவுச்சொல்லும் தட்டச்சு செய்யும் வரிகள் என் டயல் நிரலுக்குத் தேவையில்லை.

ஒரு தொல்லை மட்டும் தொடர்ந்தது. இணைப்பு கிடைத்தாலும் நின்று நிலைக்காமல் நோ கேரியர் என்று அறுந்துகொண்டிருந்தது. வேறு வேலையாகத் தெருவுக்கு வந்திருந்த லைன்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தம்பி, மாடிக்குப் பேரலல் இழுத்திருக்கிறீர்களா?” என்றார். ஒரே இணைப்பிலிருந்து இரண்டாவது தொலைபேசிக்குக் கம்பி; இழுத்திருந்தோம். மாடியில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறும் என்பது எனக்கும் தெரியும். யாரும் எடுக்காதபோதும் அறுவதற்குக் காரணம், அந்தக் கம்பியை நடுவில் முறுக்கி ஒட்டியிருந்த இடம் துரு ஏறி இரைச்சல் கிளப்பியதுதான் என்று அவர் பிரித்துக் காட்டினார். மாடிக் கம்பியைக் கழற்றிய பிறகு இணைப்பு நின்றது. அம்மா அதன்பின் மாடியிலிருந்து இறங்கிவந்து பேசவேண்டியதாயிற்று. அதைப் பற்றித் தனியாக எழுதலாம்.

இனி மினிகாமுக்கு வேலையில்லை. கையால் தட்டியதையே சாட் என்ற சிறு நிரலுக்கு எழுதிக் கொடுத்தேன்: பிஸி, நோ கேரியர், நோ டயல்டோன் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்து, மோடத்தைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ஏடிஇசட் அனுப்பு, ஓகே வரட்டும், ஏடிஎக்ஸ்3 சேர்த்து டயல் செய், கனெக்ட் வந்ததும் விலகிக்கொள். விலகியதும் பிபிபி பேசும் நிரலான பிபிபிடி பொறுப்பை ஏற்கும். அதற்கான அமைப்புகளை ஈடிசி கோப்புறையில் பிபிபி என்பதன் கீழ் உள்ள பியர்ஸ் கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதினேன்: போர்ட், வேகம், வன்பொருள் வழியாகத் தரவோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிஆர்டிஎஸ்சிடிஎஸ், பயனர் பெயர், வெளியே போகும் தரவுக்கு இந்த இணைப்பையே இயல்புப் பாதையாக்கும் டிஃபால்ட்ரூட், ஐபி முகவரியை மறுமுனையிடமே பெறும் நோஐபிடிஃபால்ட், பெயர்களை எண் முகவரியாக்கும் டிஎன்எஸ் கணினிகளின் முகவரிகளையும் அதனிடமே கேட்கும் யூஸ்பியர்டிஎன்எஸ். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பாப், சாப் என்ற இரண்டு முறைகளுக்குமான பாப்-சீக்ரெட்ஸ், சாப்-சீக்ரெட்ஸ் கோப்புகள் இரண்டிலும் அதைப் போட்டுவைத்தேன். சேவை நிறுவனம் எந்த முறையில் கேட்டாலும் பதில் இருக்கும். கடவுச்சொல் அப்படியே எழுத்தாக இருப்பதால் கணினியின் நிர்வாகியான ரூட் (root) தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 ஆக்கவேண்டும். டபிள்யூவிடயல் என்ற நிரல் இவ்வளவையும் தானே ஊகித்துச் செய்துவிடும் என்பார்கள். அதன் ஊகம் தவறும்போது எங்கே தவறியது என்று தேட மறுபடி இங்கேதான் வரவேண்டும்.

டீபக், நோடிடாச் இரண்டையும் சேர்த்து இயக்கினால் பேச்சுவார்த்தை முழுவதும் திரையிலேயே ஓடும். என் கணினி பேச்சுவார்த்தை வரைகூடப் போகவில்லை. மறுமுனை தன்னை யாரென்று நிரூபிக்கவேண்டும், அதற்கான ரகசியச்சொல் என்னிடம் இல்லை என்று சொல்லி, டயல் செய்வதற்கு முன்பே நின்றுவிட்டது. விசித்திரமான பிடிவாதம். சேவை நிறுவனம் எதற்காக எனக்குக் கடவுச்சொல் சொல்லவேண்டும்? பலரும் சொல்லும் மருந்தைப் போட்டேன், அதாவது மறுமுனையிடம் அடையாளம் கேட்காதே என்று பொருள்படும் நோஆத் என்ற ஒரு சொல். டயல் ஆகி, உள்ளேயும் நுழைந்துவிட்டது. கூடவே ஒரு செய்தி: ஏற்கெனவே இருக்கும் இயல்புப் பாதையை மாற்றவில்லை. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

பிபிபிடியின் கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்று என்று தெரிந்தது. கணினியில் ஏற்கெனவே இயல்புப் பாதை ஒன்று இருந்தால், அது ஏதோ வலைப்பின்னலில் இருக்கும் கணினி என்று பிபிபிடி எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட கணினிக்குள் தொலைபேசி வழியாக யாரும் எளிதில் நுழைந்துவிடக்கூடாது என்று மறுமுனையிடம் அடையாளம் கேட்கிறது. பாதைகளைப் பட்டியலிடும் ரூட் (route) கட்டளையை ஓட்டிப் பார்த்தால் 192.168.1.1 என்ற கேட்வே, அதாவது வெளி வலைக்கான வாயில், இன்னும் உட்கார்ந்திருந்தது. அலுவலகத்தில் வைத்த முகவரி. அந்த அலுவலகத்தின் கேபிள் எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? ஈதர்நெட் அட்டையின் அமைப்பிலிருந்து அந்த வரியை நீக்கியதும், நோஆத் இல்லாமலேயே இணைப்பு ஏற்பட்டது. கணினிக்கு ஒரு ஐபி முகவரி, மறுமுனைக்கு ஒன்று, இரண்டு டிஎன்எஸ் முகவரிகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

இணைப்பைச் சோதிக்கும் பிங் மறுமுனைக்குப் போனது. வெளியே இருந்த எண் முகவரிக்கும் போனது. பெயர் கொடுத்தால் மட்டும் போகவில்லை. யூஸ்பியர்டிஎன்எஸ் தனக்குக் கிடைத்த முகவரிகளை பிபிபி கோப்புறைக்குள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் எழுதுகிறது, மற்ற நிரல்கள் படிப்பதோ ஈடிசியில் நேரே இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை. பின்னதை முன்னதையே சுட்டும் குறியிணைப்பாக (சிம்லிங்க்) மாற்றிவிட்டேன். எழுத்துத் திரையில் இயங்கும் லிங்ஸ் உலாவியில் பக்கங்கள் திறந்தன.

கனெக்ட் 115200 என்று வருவதைப் பார்த்து மகிழவேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். சில மோடம்களில் ஏடிடபிள்யூ2 கொடுத்தால் கம்பியின் உண்மையான வேகத்தைச் சொல்லும். எனக்குப் பெரும்பாலும் 45333. கோப்பு இறக்கினால் வினாடிக்கு 5 கேபிக்கு மேல் தாண்டாது. ஒரு குறுவட்டு அளவுள்ள லினக்ஸை அந்த வேகத்தில் இறக்க ஒன்றரை நாள் ஆகும். பிசி குவெஸ்ட் இதழோடு குறுவட்டு வந்துகொண்டிருந்தது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது புரிந்தது.

தங்கை பயன்படுத்துவதற்காக, தொடங்க ஒன்று, துண்டிக்க ஒன்று என இரண்டு சிறு நிரல்கள் எழுதிக் கொடுத்தேன். துண்டிக்க மறந்தால் தொலைபேசிக் கட்டணம் ஏறுமே என்று, ஐந்து நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் இணைப்பை அறுக்கும் ஐடில் 300 என்ற வரியையும் சேர்த்தேன். அறுபடவே இல்லை. வந்துபோகும் தரவைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால், நான் எதுவும் கேட்காமலேயே வெளியிலிருந்து யாரோ வலைப்பக்கங்களுக்கான 80-ஆம் போர்ட்டை (இது சீரியல் போர்ட் அல்ல, இணைய நிரல்களுக்கான வாயில் எண்) தட்டிக்கொண்டிருந்தார்கள். 2001-இல் பரவிய கோட் ரெட், நிம்டா போன்ற புழுக்கள் விண்டோஸ் சர்வர்களைத் தேடி அலைந்தது இப்படித்தான். லினக்ஸை அவை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு தட்டலும் ஐடில் கடிகாரத்தை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கவைத்தது. ஐடில் வரியை எடுத்துவிட்டு மேக்ஸ்கனெக்ட் 3600 என்று போட்டேன். என்ன நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் இணைப்பு அறும், ஓஹெச் விளக்கு அணையும். பாதிக் கடிதத்தில் அறுந்துவிட்டது என்று தங்கை சண்டைக்கு வந்தபோது 5400 ஆக்கினேன்.