பகுதி மேலாளர் பணியிடங்களைக் கலைத்த அனுபவம்

உள்ளாட்சி ஒன்றின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் துணைத் தலைமை மதிப்பீட்டாளராக இருந்தபோது, மேலாளர் பணியிடங்கள் அத்தனையையும் கலைத்து மறுபடி அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அதுவரை எங்களுக்கு நான்கு பகுதி மேலாளர்கள். வரிக்காக வீட்டை அளப்பது, மதிப்புப் போடுவது, உரிமையாளர் ஆட்சேபித்தால் விசாரிப்பது எல்லாம் அந்தந்தப் பகுதிக்காரரின் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் தன் தெருக்கள் மனப்பாடம். ஆனால் பின்பக்கம் கூடுதலாகக் கட்டிய அறையை ஒருவர் முழுப் பரப்பாக எடுப்பார், இன்னொருவர் பாதியாக எடுப்பார். கட்டடத்தின் தரம் ‘நல்லது’, ‘சுமார்’ என்று குறிப்பதற்குக்கூட ஆளுக்கொரு பொருள் இருந்தது.

விகித ஆய்வு செய்தபோதுதான் இது கணக்கில் தெரிந்தது. விற்பனையான வீடுகளுக்கு நாங்கள் போட்ட மதிப்பை விற்ற விலையால் வகுத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பன்னாட்டு மதிப்பீட்டு அலுவலர் சங்கத்தின் தரநிலைப்படி, அந்த விகிதங்களின் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 0.90-க்கும் 1.10-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் எங்களுடையது அதற்குள் இருந்தது. பகுதிவாரியாகப் பிரித்ததும் ஒன்று மேலே போனது, ஒன்று கீழே இறங்கியது. இடைநிலையிலிருந்து விகிதங்கள் சராசரியாக எத்தனை சதவீதம் விலகுகின்றன என்பதைச் சிதறல் கெழு காட்டும். வீடுகளுக்கு அது 15-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் நான்கு பகுதிகளில் இரண்டில் தாண்டியிருந்தது. ஒரே மாதிரி வீடு, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. நாங்கள் சொன்ன மதிப்பை நம்பித்தானே வீட்டுக்காரர்கள் பல வருடம் வரி கட்டியிருக்கிறார்கள் என்பது என்னை மிகவும் உறுத்தியது.

அதனால் பகுதிவாரியை விட்டு வேலைவாரிக்கு மாறினோம். கள ஆய்வுக்கும் தரவுக்கும் ஒருவர், மதிப்பிடுவதற்கு ஒருவர், மேல்முறையீட்டுக்கு ஒருவர். மதிப்புப் போட்டவரே தன் மதிப்பின் மீதான ஆட்சேபத்தை விசாரிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

பணி விவரங்களை எழுதுவதுதான் அதிக நாள் பிடித்தது. முதல் வரைவில் ‘மேற்பார்வையிடுதல்’, ‘ஒருங்கிணைத்தல்’ என்றே நிறைந்திருந்தது. அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. சரி என்று, நான்கு பேரையும் இரண்டு வாரத்துக்குத் தாங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வொன்றையும் குறித்து வைக்கச் சொன்னோம். முகவரி திருத்தம், பெயர் மாற்றம், வழக்கமான வரி விலக்குச் சான்று என்று மேலாளர் பார்க்கவே தேவையில்லாதவை ஏராளம். அவற்றை மூத்த மதிப்பீட்டாளர்களிடம் எழுத்துபூர்வமாக ஒப்படைத்த பிறகுதான், மூன்று மேலாளர்கள் போதும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

நான்கு மூன்றானதால் ஒருவருக்கு இடம் இல்லை. அவர்தான் எல்லாரிலும் மூத்தவர். இங்கே நான் பெரிய தவறு செய்தேன். அவரிடம் தனியாகப் பேசாமலேயே புதிய அமைப்பின் வரைபடத்தைக் கூட்டத்தில் காட்டிவிட்டேன். அவர் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை அவர் மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பதவி போகுதுன்னு வருத்தம் இல்ல சார். அதை எல்லார் முன்னாடியும் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சே” என்றார். ஊதியம் குறையாமல் அவருக்குச் சிறப்பு மதிப்பீட்டாளர் பணியிடம் உருவாக்கினோம். அதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல். பழைய பணியிடங்களை நீக்குவதையும் புதியவற்றை உருவாக்குவதையும் ஒரே தீர்மானத்தில் வைத்தோம். தனித்தனியாக வைத்திருந்தால், முதலாவது நிறைவேறி இரண்டாவது தள்ளிப்போகும் ஆபத்து இருந்தது. மொத்த ஊதியச் செலவு கூடவில்லை என்ற கணக்கையும் இணைத்தோம். பணியாளர் சங்கத்திடம் அதற்கு முன்பே பேசியிருந்தோம். மதிப்பீட்டுப் பட்டியல் இறுதியான பிறகு, அடுத்த சுற்று அறிவிப்புகள் போவதற்குள் மாற்றத்தைச் செய்தோம். ஆட்சேபங்கள் வரும் காலத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்த ஆய்வில் பகுதிகளின் இடைநிலைகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. பழைய வீடுகள் நிறைந்த, விற்பனை குறைவான ஒரு பகுதியில் மட்டும் சிதறல் இறங்கவில்லை. இன்னொரு குறையும் தெரிந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்தத் தெருவில் அடித்தளம் இறங்கும் என்பதெல்லாம் பழைய மேலாளர்களின் நினைவில்தான் இருந்தது, எங்கள் பதிவுகளில் இல்லை. அந்த மூத்தவர்தான் நான்கு பகுதிகளிலும் தெருத் தெருவாக நடந்து அதைக் குறிப்பாக எழுத ஆரம்பித்தார். இப்போது மூன்றாவது பகுதியில் இருக்கிறார்.