சூப் டின் பருவம்

நவம்பர் 15, சனி

குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் தெற்கு நியூஜெர்சி கடைகளில் சூப் டின்களெல்லாம் தள்ளுபடி விலையில் முன்வரிசைக்கு வந்தாயிற்று. தக்காளி, காளான், பருப்பு என்று வண்டியில் அள்ளிப் போட்டேன்.

என்னைப் போன்ற சைவக்காரர்கள் டின்மேல் இருக்கும் படத்தை மட்டும் நம்பக் கூடாது. கேம்பல்ஸ் நிறுவனத்தின் 'வெஜிடபிள்' சூப்பில் மாட்டிறைச்சிச் சாறு உண்டு. பிரெஞ்சு ஆனியனிலும் அப்படித்தான். நமக்கானது 'வெஜிடேரியன் வெஜிடபிள்' என்று தனியாக இருக்கும். ஆங்கில எழுத்து வடிவில் பாஸ்தா மிதக்கும். என் மகள் தன் பெயரைக் கோத்து முடிப்பதற்குள் சூப் ஆறிவிடும்.

நவம்பர் 18, செவ்வாய்

ராத்திரிக்குத் தக்காளி சூப். டின் சூப்பில் என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான்.

திறந்து கவிழ்த்தால் உடனே விழாது. அடியில் தட்ட வேண்டும். ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு மொத்தமாக வழுக்கி விழும், டின்னின் வரிவரியான தடம் மேலே அப்படியே பதிந்திருக்கும். பிறகு அதே டின் நிறைய பால். தண்ணீர் ஊற்றச் சொல்லியும் லேபிளில் இருக்கிறது, ஆனால் பால்தான் சரி. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது, திரிந்துபோகும். இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவேன்.

தெரிந்தவர்கள் சிலர் இதற்குக் கடுகு, சீரகம் தாளிக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ரசம் வேண்டுமென்றால் ரசமே வைத்துக்கொள்ளலாமே! இதற்குத் துணை சீஸ் சாண்ட்விச்தான். ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, நடுவில் சுள்ளென்ற செடார் சீஸ் வைத்துக் கல்லில் பொன்னிறமாக வாட்டி, முனையை சூப்பில் முக்கிக் கடிக்க வேண்டும்.

இந்தக் கெட்டி சூப் பிறந்த ஊர் பக்கத்திலிருக்கும் கேம்டன். 1897இல் கேம்பல்ஸில் ஜான் டொரன்ஸ் என்ற வேதியியலாளர் சூப்பிலிருந்து பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு டின்னில் அடைத்தார். எடை குறைந்தது, ரயில் கூலி குறைந்தது, டின் 10 சென்ட்டுக்கு விற்க முடிந்தது. நாம் வீட்டில் ஊற்றுகிற அந்த ஒரு டின் தண்ணீரை ஊர் ஊராகச் சுமக்காததில்தான் மொத்த வியாபாரமும். கேம்பல்ஸின் கேம்டன் ஆலை 1990இல் மூடப்பட்டது; தலைமை அலுவலகம் மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

தேங்க்ஸ்கிவிங், அமெரிக்காவின் நன்றி சொல்லும் திருநாள். பக்கத்து வீட்டில் விருந்து. வான்கோழி எனக்கு ஆகாது. என் தட்டில் பாதிக்குமேல் கிரீன் பீன்ஸ் காசரோல்தான்.

காளான் கிரீம் சூப்பை யாரும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்து நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசையும் இல்லை. அது சமையலுக்கான குழம்பு. 1955இல் கேம்பல்ஸ் சோதனைச் சமையலறையில் டோர்கஸ் ரெய்லியும் குழுவினரும் உருவாக்கிய சமையல் குறிப்புதான் இந்தக் காசரோல். ஒரு டின் காளான் சூப், கொஞ்சம் பால், சோயா சாஸ், மிளகு, வெந்த பீன்ஸ். எல்லாம் கலந்து ஓவனில் வைத்து, கடைசியில் மேலே பொரித்த வெங்காயம். பிரியாணிமேல் தூவுவோமே, ஏறக்குறைய அதுவேதான். அது மேலே மொறுமொறுவென்று நிற்க, அடியில் சாறில் ஊறிப் பாதி இளகிய வெங்காயம் இருக்கும் பாருங்கள், அங்கேதான் ருசி. பச்சை மிளகாய் இரண்டு கீறிப் போட்டால் இன்னும் எடுக்கும். நம் வீட்டில் செய்யும்போது போடுவேன்.

டிசம்பர் 4, வியாழன்

அலுவலகத்தில் பருப்பு சூப். புரோக்ரெஸோ என்ற பிராண்டின் டின், கெட்டி சூப் அல்ல, தண்ணீர் சேர்க்காமல் அப்படியே சுட வைக்க வேண்டியது. எலுமிச்சை பிழிந்து, மீந்த சோற்றைப் போட்டுப் பிசைந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது.

டிசம்பர் 10, புதன்

என்னவருக்குச் சளி. சிக்கன் நூடுல் டின் கேட்டார். அமெரிக்காவில் காய்ச்சல் என்றாலே இதுதான். காளான் கிரீமும் இதுவும் 1934இல் ஒன்றாகச் சந்தைக்கு வந்தவை. இவரோ இங்கே வந்து பழகிக்கொண்டவர். "மிளகு ரசம் வைக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "அது நாளைக்கு" என்றார்.

உப்புக் கணக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. லேபிளில் போட்டிருப்பது அரை கப் கெட்டி சூப்புக்கான சோடியம். ஒரு டின்னில் அப்படி இரண்டரை பங்கு. யார் இரண்டரையாகப் பிரித்துக் குடிக்கிறார்கள்? டின் முழுக்க ஒருவரே குடித்தால், ஒரு நாளைக்குச் சொல்லும் 2,300 மில்லிகிராம் வரம்பு கிட்டத்தட்ட அதிலேயே தீர்ந்துவிடும். கூடுதலாக ஒரு கப் தண்ணீர் விட்டு, கேரட்டும் பட்டாணியும் வேகவைத்துச் சேர்த்து, இரண்டு வேளைக்கு வைத்தேன்.

டிசம்பர் 20, சனி

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம். ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962இல் வரைந்த 32 கேம்பல்ஸ் சூப் டின்கள். அப்போது விற்பனையில் இருந்த வகைக்கு ஒன்று. மற்றவர்கள் தள்ளி நின்று மொத்தமாகப் பார்த்தார்கள். நான் கிட்டப் போய் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பிளாக் பீன், அஸ்பாராகஸ், பெப்பர் பாட். நம் வெஜிடேரியன் வெஜிடபிளும் இருக்கிறது! செடார் சீஸ் டின்னைப் பார்த்ததும் மகளுக்குப் பசி வந்துவிட்டது. வரும் வழியில் ஒன்று வாங்கி, பால் குறைத்துச் சூடாக்கி, வேகவைத்த ப்ரோக்கோலியும் மக்ரோனியும் சேர்த்துக் கிளறிக் கொடுத்தேன். இன்னொரு தட்டு கேட்டாள்.