சாயம் கடைசியில்

ஆடை வியாபாரத்தில் டிஜிட்டல் மாற்றம் என்றதும் எல்லோரும் ஆப், டேஷ்போர்டு என்றே பேசுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் அதற்கெல்லாம் முந்தையது. இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டன் 1970களில் ஸ்வெட்டர்களைச் சாயம் ஏற்றாத நூலில் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்த பிறகே சாயத்தொட்டியில் இறக்கியது. என்ன தெளிவு!

அப்புறம் ஸ்பெயினின் ஆடை நிறுவனமான ஜாரா. கடைகளுக்கு வாரம் இருமுறை சரக்கு. 2014 வாக்கில் துணிகளில் ஆர்எஃப்ஐடி சில்லும் வந்தது; ரேடியோ அலை வழியே தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய சின்ன அடையாளச் சில்லு அது. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டாம். கருவியை ரேக் பக்கம் அசைத்தாலே எம் சைஸ் தீர்ந்தது தெரிந்துவிடும்.

சரி, தெரிந்தது. அந்தத் தகவல் தையல் மேசைக்கு எத்தனை நாளில் போகிறது? மென்பொருள் வாங்கும் முன் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.