போர்வையை விலக்கிப் பாருங்கள்

என் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையோடு படுக்கையானபோது, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் எங்களால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று முடிவு செய்து, கோவைப் புறநகரில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் மாதம் 28,000 ரூபாய்க்குச் சேர்த்தோம். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத்தான் பார்வையாளர் நேரம். தலை வாரி, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத நைட்டியில் பெரியம்மா தயாராக இருப்பார். "நல்லாத்தான் பாத்துக்கறாங்க கண்ணு" என்பார். முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

ஒரு புதன்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் உள்ளே நுழைந்தேன். தண்ணீர்ச் சொம்பு அவர் கைக்கு எட்டாத ஜன்னல் திட்டில் இருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. போர்வையை விலக்கியபோது இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கருநீலத் தடம் ஒன்று தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால், முதுகின் அடியில் வாலெலும்பின் மேல் தோல் உரிந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. "தண்ணி கேட்டா, அப்புறம் டயாப்பர் யாரு மாத்தறதுங்கறாங்க" என்று கதவைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் முதலில் அங்கிருந்த பணிப்பெண் மீதுதான் பாய்ந்தது. பிறகு விசாரித்ததில், இரவில் பதினான்கு படுக்கைகளுக்கு அந்த ஒரு பெண்தான் என்று தெரிந்தது. தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் பதினான்கு பேருக்கு 140 நிமிடம் ஆகும், அவளிடம் இருப்பதோ 120 நிமிடம். சேர்க்கும்போது ஏசி இருக்கிறதா, சைவச் சாப்பாடா என்றெல்லாம் விசாரித்த நாங்கள், இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்கவே இல்லை.

படுக்கைப் புண்ணின் தொடக்கத்தை வீட்டாரே கண்டுபிடிக்கலாம் என்று எங்கள் மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அது புண்ணாகப் போகிறது என்று பொருள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, வாலெலும்பு, பின்மண்டை ஆகியவை முக்கியமான இடங்கள். மேற்கையில் விரல் பதிந்த கன்றல் இருந்தால், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். பகலெல்லாம் காரணமின்றி மயங்கிக் கிடந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் அப்போதுதான் படித்தேன். பிள்ளையில்லாத முதியவரின் சொத்துக்கு வாரிசாகும் உறவினரும் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். புகார் எழுத உட்கார்ந்த எனக்கு அந்த வரி சற்று உறுத்தியது. பராமரிப்புக் கேட்டு முதியவரே வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் மனுக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

பெரியம்மா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். பகலில் ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார், இரவில் கைபேசி அலாரத்தை வைத்து நானும் மனைவியும் மாறி மாறிப் புரட்டிவிடுகிறோம். வாலெலும்புப் புண் ஆற மூன்று மாதமாயிற்று. சொம்பு தலைமாட்டிலேயே, கை எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அதை எடுக்கும் முன் இன்னமும், "குடிச்சுக்கட்டுமா கண்ணு?" என்று கேட்கிறார்.