விண்டோஸ் கீ வேலை செய்யாத கீபோர்டில் ஸ்கிரீன் லாக்

வேலூர் சிஎம்சி எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைகளில் கவுன்டருக்கும் மானிட்டருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். யாரோ ஒருவரின் ஆதார் ஸ்கிரீனில் திறந்தே கிடக்கும், கடைக்காரர் பேப்பர் எடுக்க உள்ளே போயிருப்பார். லாக் செய்தால் பிரிண்ட் பாதியில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பிரிண்டும் டவுன்லோடும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், திரை மட்டும்தான் மூடும்.

விண்டோஸ் கீயோடு எல் தட்டினால் லாக் ஆகிவிடும். ஆகவில்லையா? கேமிங் கீபோர்டு என்றால் எஃப்என் கீயோடு விண்டோஸ் கீயை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் அந்தக் கீயை அணைத்து வைக்க அதுதான் வழி, கை தவறிப் பட்டிருக்கும். கீயே செத்துப்போயிருந்தால் வேறு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், நியூ, ஷார்ட்கட். பெட்டியில் ரன்டிஎல்எல்32 டாட் இஎக்ஸ்இ, ஒரு ஸ்பேஸ், யூசர்32 டாட் டிஎல்எல், கமா, லாக்வொர்க்ஸ்டேஷன் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கமாவுக்குப் பின் ஸ்பேஸ் வேண்டாம். கடைசிச் சொல்லில் எல், டபிள்யூ, எஸ் மூன்றும் கேபிடல். ஒன்று சின்ன எழுத்தானாலும் லாக் ஆகாது. பெயர் கொடுத்து முடித்ததும் அந்த ஐகானின் பிராப்பர்ட்டீஸில் ஷார்ட்கட் கீ கட்டத்தைக் கிளிக் செய்து எல் மட்டும் தட்டினால் போதும், கன்ட்ரோல் ஆல்ட் தானாகச் சேர்ந்துகொள்ளும். எஃப்8 மாதிரி ஒற்றைக் கீயை வைக்க ஆசை வரும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் மெஷினில் வேண்டவே வேண்டாம், சேல்ஸ் வவுச்சருக்கு அதைத்தானே தட்டுகிறோம்!

ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் கீ வேலை செய்யும். இடத்தை அடைக்கிறது என்று வேறு ஃபோல்டருக்குள் தள்ளினால் அதோடு சரி. சில மெஷினில் தட்டியபின் ஓரிரு வினாடி தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கவுன்டில் பாஸ்வேர்டே இல்லாவிட்டால் இத்தனையும் வீண். ஒரு கிளிக்கில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடலாம். பாஸ்வேர்டு சரியாக அடித்தும் தப்பு என்று வந்தால் திரையின் வலது கீழ்மூலையைப் பாருங்கள். தமிழ் லேஅவுட்டில் நின்றிருக்கும், அங்கேயே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பின் நம்பர் ஏறவில்லை என்றால் நம்லாக் அணைந்திருக்கும்.

அதிகம் பேர் கவனிக்காத ஓட்டை நோட்டிஃபிகேஷன்தான். திரை பூட்டியிருக்க, மேலே மெசேஜ் எட்டிப்பார்க்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், லாக் ஸ்கிரீனில் காட்டும் வசதியை அணையுங்கள்.

விண்டோஸ் இல்லாத மெஷின் என்றால், உபுண்டுவில் விண்டோஸ் கீயோடு எல்தான், லினக்ஸ் மின்ட்டில் கன்ட்ரோல் ஆல்ட் எல். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ.

தட்ட மறந்துபோகும் ஆட்களுக்கு ஸ்கிரீன் சேவர்: வெயிட் 1 நிமிடம், ஆன் ரெஸ்யூம் கட்டத்தில் டிக். ஆட்டோ லாகின் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கரன்ட் போய் வந்து மெஷினை ஆன் செய்ததும் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப்தான் வரும்.