தேவ்லா என்று கூப்பிட்ட பிள்ளைகள்

வந்து இறங்கிய மதியம் நல்ல வெயில். தாகம் தாங்கவில்லை. யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினேன். எதிரே நின்ற பெண்ணுக்குப் பதினாலு வயதிருக்கும். "பாஞி?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத ஒரு பிள்ளை, ஸ்லோவாக்கியாவின் கிழக்குப் பகுதியில் நின்றுகொண்டு, தண்ணீருக்கு நம் வடநாட்டு வார்த்தையைச் சொல்கிறாள். ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் குவளையில் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். கணவரின் வேலைக்காக வியன்னாவுக்கு வந்து நாலு வருஷமாகிறது. ஸ்லோவாக்கியாவில், நாம் ஜிப்சி என்று சொல்லும் ரோமா மக்களின் இளைஞர்களுக்கு ஒரு வார முகாம் நடக்கிறது, ஊழியத்துக்கு ஆள் வேண்டும் என்று 2023-ல் எங்கள் சபையில் அறிவித்தார்கள். ஊரில் இருந்தபோது பத்து வருஷம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். மொழி தெரியாதே என்ற தயக்கம் மட்டும் இருந்தது. ஒரு வாரம் ஜெபித்துவிட்டுப் பேர் கொடுத்தேன். சமையலுக்கு உதவியும் ஒரு சிறு குழுவுக்கு வேதபாடமும் என் பொறுப்பு.

பிராட்டிஸ்லாவாவில் ரயில் ஏறினால், போப்ரத் நெருங்கும்போது இடப்பக்க ஜன்னலில் தாத்ரா மலைகள் சட்டென்று எழுந்து நிற்கின்றன. ஆகஸ்ட் பிறக்கப்போகிற நாளிலும் உச்சியில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. அதைத் தாண்டினால் ஸ்பிஷ் வட்டாரம். அங்கே ஒரு மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த மரவீடு ஒன்றில்தான் முகாம். பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரை முப்பத்தைந்து பிள்ளைகள். முகாமை நடத்திய பாஸ்டரே ரோமா சமூகத்தில் பிறந்தவர் என்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்தது. வெளியிலிருந்து வந்த நாங்கள் அவருக்குக் கீழே கைவேலைக்காரர்கள், அவ்வளவுதான். மிஷன் வேலை அப்படித்தான் நடக்கவேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நாம் ஜிப்சி என்கிறோம். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக நினைத்ததால் வந்த பேர் அது. அவர்கள் தங்களை ரோமா என்கிறார்கள். நாடோடிகள் என்பதும் இங்கே பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ராணி மரியா தெரேசா இவர்களைக் கட்டாயமாகக் குடியமர்த்தத் தொடங்கினார். மிச்சமிருந்தவர்கள் அலைவதற்கும் 1958-ல் செக்கோஸ்லோவாக்கியா சட்டம் போட்டுத் தடை விதித்தது. இந்தப் பிள்ளைகளின் தாத்தாவுக்குத் தாத்தாவும் இதே ஊர்தான். ஆனாலும் வீடுகள் ஊருக்குள் இல்லை. ஓடையைத் தாண்டி, தார்ரோடு முடிகிற இடத்துக்கும் அப்பால். ஒசாதா என்று அந்தக் குடியிருப்பைச் சொல்கிறார்கள். நம் ஊரில் அதற்கு என்ன பேர் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். ஒரு பையன் மரத்தில் முகம் புதைத்து எண்ணினான். "யேக், துய், த்ரின், ஷ்டார், பாஞ்ச், ஷோவ், எஃப்தா, ஓக்தோ, எஞா, தெஷ்!" உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். முதல் ஆறும் பத்தும் இந்தியாவின் எண்கள். ஏழும் எட்டும் ஒன்பதும் கிரேக்கம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே வடமேற்கு இந்தியாவை விட்டுப் புறப்பட்ட ஜனம், பாரசீகம் கடந்து, பைசாந்தியப் பேரரசில் நெடுங்காலம் தங்கி, அங்கிருந்து மூன்று எண்களைச் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குள் வந்த வழி அத்தனையும் அந்தப் பையனின் வாயில் இருக்கிறது.

அதன் பிறகு நான் வார்த்தை சேகரிக்க ஆரம்பித்தேன். மனிதனுக்கு மனுஷ். மூக்குக்கு நாக். பல்லுக்கு தாந்த். கத்திக்கு சூரி. "எங்கள் ஊரிலும் சூரிக்கத்தி என்போம்" என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். தண்ணீர் கொடுத்த அதே பெண்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். நான் ஆங்கிலத்தில் சொல்வதை ஒரு கல்லூரி மாணவர் ஸ்லோவாக்கில் சொல்வார். அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு இவள் அவர்கள் மொழியான ரோமானியில் சொல்வாள். கூடவே என் ஆங்கிலத்தையும் பாதி பிடித்துக்கொண்டு, அந்த மாணவர் தவறவிட்டதைத் திருத்துவாள். இப்படிப்பட்ட பிள்ளை படிப்பது, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளியில். ரோமா பிள்ளைகள் பலரை அப்படித் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பாகுபாட்டுக்காகவே ஐரோப்பிய ஆணையம் ஸ்லோவாக்கியாவை 2023 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. இதை பாஸ்டர் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லா வார்த்தைகளிலும் என்னை அசைத்தது ஒன்று. காலை ஆராதனையில் கீபோர்டும் கிதாருமாகப் பாட்டு ஏறும்போது, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு "தேவ்லா, தேவ்லா" என்று கூப்பிடுவார்கள். நாம் "தேவா" என்று அழைப்பதேதான். என் பாட்டி அதிகாலை மூன்று மணிக்குக் கட்டிலடியில் முழங்கால் படியிட்டு "தேவா, என் தேவா" என்று அழுவது எனக்கு அந்த அறையில் கேட்டது. ரோமானியின் பல வட்டார வழக்குகளில் சிலுவைக்கு த்ருஷுல் என்று பேர். திரிசூலம்தான் அது. வழியில் கிறிஸ்துவைக் கண்டபோது, கையில் இருந்த புனிதமான வார்த்தையையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் அதில் எந்தக் குறையையும் காணவில்லை. நம் முன்னோரும் தேவன், வேதம், ஜெபம் என்று இருந்த வார்த்தைகளைத்தானே அவர் பாதத்தில் வைத்தார்கள்.

புதன்கிழமை ஆகஸ்ட் 2. அன்று விளையாட்டு கிடையாது. 1944-ல் அந்த இரவுதான் பிர்கெனாவ் வதைமுகாமில் ரோமா மக்கள் இருந்த பகுதியை நாஜிகள் காலி செய்தார்கள். எஞ்சியிருந்த சுமார் 4,300 பேர், பெரும்பாலும் பெண்கள், முதியோர், குழந்தைகள், விஷவாயு அறைக்குப் போனார்கள். பாஸ்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல்முறை கேட்பது. ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றிப் புல்லில் வைத்தோம். காற்றில் அணைவதை ஒருவர் மாற்றி ஒருவர் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். யாரும் பேசவில்லை. நானும் இங்கே அதற்கு மேல் எழுதவில்லை.

என் குழுவுக்கு நான் எடுத்த பாடம், ஊரார் வெறுத்து ஒதுக்கிய வரிவசூல்காரன் சகேயு. குள்ளமான மனுஷன், அத்திமரம், எல்லாம் நடித்துக் காட்டினேன். இயேசு மரத்தடியில் நின்று, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். சகேயு மனந்திரும்பியதைத்தான் பாடத்தின் மையமாகத் தயாரித்து வைத்திருந்தேன். வி.பி.எஸ்-ஸில் வருஷக்கணக்காகச் சொன்னதும் அதுவே. ஒரு பையன் கை தூக்கினான்.

"தேதா, அவன் வீட்டில் என்ன சமைத்தார்கள்?"

தேதா என்றால் அத்தை, சித்தி மாதிரி. பெரிய பெண்கள் எல்லாரையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வேதத்தில் அது எழுதியில்லை என்றேன். அவன் விடவில்லை. "ஆனால் இயேசு சாப்பிட்டாரா? உள்ளே போய் உட்கார்ந்து?" சாப்பிட்டிருப்பார் என்றேன். "அவர்கள் தட்டிலேயா?" ஆமாம், அவர்கள் தட்டில்தான். குழு முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அந்தக் கதையில் அவர்களுக்கு அதுதான் அதிசயம் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

வியாழக்கிழமை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. குழு முழுவதற்கும் முன்பே போனில் சொல்லி வைத்திருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் வாசலில் இருந்தவருடைய முகம் மாறியது. இன்று வேறு ஒரு குழு மொத்தமாக எடுத்துவிட்டது, இடமில்லை என்றார். உள்ளே பாதிக் குளம் காலியாக இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. பிள்ளைகள் கோபப்படவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார்கள். பன்னிரண்டு வயதில் அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது.

பாஸ்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு டிரைவரிடம் "லெவோச்சா" என்றார்.

லெவோச்சா மதில் சூழ்ந்த பழைய ஊர். நடுச் சதுக்கத்தில் நகரசபைக் கட்டடத்தருகே ஒரு இரும்புக் கூண்டு நிற்கிறது. முற்காலத்தில் சிறு குற்றம் செய்தவர்களை ஊரார் பார்க்க அதில் நிறுத்திவைத்து அவமானப்படுத்துவார்களாம். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. பக்கத்திலேயே புனித யாக்கோபு ஆலயம். டிக்கெட் எடுத்து உள்ளே போனோம்.

அந்தப் பீடத்தை எப்படிச் சொல்வேன்! மாஸ்டர் பவுல் என்ற சிற்பி 1500-களின் தொடக்கத்தில் மரத்தில் செதுக்கியது. உயரம் 18 மீட்டருக்கும் மேல். உலகத்திலேயே உயரமான கோதிக் மரப்பீடம் என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், பொன் கூம்பு கூம்பாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கவில்லை. பீடத்தின் அடிப்பகுதியில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, கடைசி இராப்போஜனம் இருக்கிறது. சீஷர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யோவான் இயேசுவின் மார்பில் சாய்ந்து தூங்கிவிட்டார், ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளை அம்மா மடியில் தூங்குவதுபோல. நான் எத்தனையோ படங்களில் அந்த விருந்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே, குளத்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட முப்பத்தைந்து பிள்ளைகளோடு நின்று பார்த்தபோது, மேசை என்பதற்கே வேறு அர்த்தம் வந்தது. கையில் ஈரமே படாத துண்டோடு சகேயு கேள்வி கேட்ட பையன் வெகுநேரம் நின்றான். பிறகு மெதுவாக என்னிடம், "ஒரே தட்டு, தேதா" என்றான். பார்த்தேன். உண்மைதான். எல்லாரும் நடுவில் இருந்த ஒரே தட்டைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மொழிபெயர்த்த பெண் என் கையை விடவில்லை. அவள் பாட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரே அறை. தெருக்கோடிக் குழாயிலிருந்து பிடித்துவந்த தண்ணீர் இரண்டு வாளியில் மூடிபோட்டு இருந்தது. சுவரில் மாதா படம். இரும்பு அடுப்பில் விறகு எரிந்தது. பாட்டி தலையில் முக்காடு கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கையை இரண்டுமுறை கழுவினார், எனக்குத் தெரியும்படியாக. மாவில் உப்பும் சோடாவும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையாலேயே தட்டி, அடுப்பின் தகட்டில் நேராகப் போட்டார். சட்டி கிடையாது. விரலால் திருப்பினார். கருகிய புள்ளிகளோடு உப்பி வந்தது. மரிக்ல்யா என்று பேர். சப்பாத்தியைவிடத் தடிமன், ஆனால் வாசம் அதே வாசம்.

பாஸ்டர் வாசலில் நின்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "இங்கே உதவி செய்ய நிறையப் பேர் வருவார்கள். துணி கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். சாப்பிடமாட்டார்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்கள்."

பாட்டி ரொட்டியைப் பிய்த்தார். ஒரு பாதியை என் கையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடி "தேவா" என்றேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. "தேவ்லா" என்றார் பாட்டி. சுடச்சுடச் சாப்பிட்டேன். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் அப்போதுதான் உட்கார்ந்து மற்ற பாதியை வாயில் வைத்தார்.

திரும்பி வரும் ரயிலில் தாத்ரா மலை வலப்பக்கம் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் கோவிலில் வருஷந்தோறும் நடக்கும் அசனம் கண்முன்னே நின்றது. பெரிய பெரிய அண்டாவில் சோறு பொங்கி, சாதி பணம் பாராமல் எல்லாரும் ஒரே பந்தி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் விருந்து. நரிக்குறவர் குடும்பங்களும் வருவார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். வாளியில் சோறும் குழம்பும் கொண்டுபோய் ஊற்றுவது சிறுபிள்ளைகளான எங்கள் வேலை. ஏழு வருஷம் நான் அந்த வாளியைத் தூக்கியிருக்கிறேன். அவர்களுடைய மொழியான வாக்ரிபோலியிலும் தண்ணீருக்கு பானிதான். ஒரு குழந்தை என்னிடம் அதைக் கேட்டிருக்கிறது. கொடுத்திருக்கிறேன், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று.

வியன்னா வந்த மறுநாள் ஊருக்குப் போன் போட்டேன். சபைக் கமிட்டியில் இருக்கும் பெரியப்பாதான் எடுத்தார். இந்த வருஷம் அசனத்துக்கு வருகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். "பெரியப்பா, வேப்பமரத்தடியில உக்கார்றவங்களுக்கும் உள்ள பந்தியில இலை போடணும். பக்கத்துல நான் உக்கார்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எத்தனை இலைம்மா?" என்று கேட்டார்.