புள்ளிகளைத் திருத்த மறுத்த ஆசிரியர்

பிரான்சுக்கு வந்த புதிதில், மொழி பழகுவதற்காக நான் பார்த்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுள் ‘தொப்பாஸ்’ ஒன்றுதான் நாம் படித்த கல்லூரியை மீண்டும் மீண்டும் நினைவூட்டியது. 1928 இல் பாரிஸ் மேடையேறிய தமது நாடகத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் பஞோல், நகைச்சுவை நடிகர் பெர்னாந்தெலை நாயகனாக்கி 1951 இல் தாமே படமாக்கினார். பஞோலின் தந்தையும் ஆசிரியர். பஞோலும் எழுத்துக்கு வருமுன் ஆங்கிலம் கற்பித்தவர்.

தனியார் பள்ளியொன்றின் ஏழை ஆசிரியரான தொப்பாஸ், சொல்வதெழுதலின்போது மாணவனுடைய கொப்பியை எட்டிப் பார்த்து, பேச்சில் ஒலிக்காத பன்மை எழுத்துகளையும் அழுத்தி உச்சரித்து விடையைக் காட்டிக்கொடுப்பார். இவ்வாறு இளகிய ஆசிரியர்கள் நமக்கும் வாய்த்திருந்தார்கள். நம் வகுப்பறைகளில் குறள்கள் தொங்கியதுபோல் அவருடைய வகுப்பிலும், தீய வழியில் வந்த செல்வம் நிலைக்காது என்பன போன்ற நல்லுரைகள் சுவரில் தொங்கும். ஆனால் சீமாட்டி ஒருத்தி தன் மகனின் புள்ளிகளைத் திருத்தும்படி கேட்கும்போது, அவள் கேட்பது இன்னதென்றே விளங்காமல், கூட்டலில் பிழையில்லை என்று சாதித்து அவர் வேலையை இழக்கிறார்.

அடுத்து வருவதே படத்தின் உயிர். நகரசபை உறுப்பினர் ஒருவர், தம் சபைக்குத் தாமே பொருள் விற்க முடியாதாகையால், தொப்பாஸின் பெயரில் ஒரு நிறுவனத்தை நடத்தி, வீதி கூட்டும் இயந்திரங்களை அதன் வழியாகச் சபையின் தலையில் கட்டுகிறார். உணவகத்தின் முன் பொதுச் சிறுநீர் கழிப்பிடத்தை நிறுத்தி, அதை அகற்றுவதற்கு உரிமையாளரிடம் பணம் கறக்கவும் செய்கிறார். உண்மையை அறிந்த தொப்பாஸ் நடுங்கி ஒடுங்குகிறார். எனினும் நேர்மையாக இருந்த காலமெல்லாம் ஏங்கியும் கிடைக்காத கல்விப் பதக்கம், மோசடிக்குப் பெயர் கொடுத்த பின்னரே அவரைத் தேடி வருகிறது. வேலையிலிருந்து துரத்திய பள்ளி அதிபரும் பல்லிளித்துக்கொண்டு வந்து நிற்கிறார். தொப்பாஸை மாற்றியது பணத்தாசையைவிட இந்த மரியாதையே என்பது என் எண்ணம். இறுதியில் அவர் உறுப்பினரையே ஒதுக்கிவிட்டு வியாபாரத்தைக் கைப்பற்றுகிறார். பஞோல் அவரைத் தண்டிக்கவுமில்லை.

நாடகத்தின் நெடி சற்றுத் தூக்கலான படந்தான். ஆயினும் இங்கு வளரும் நம் பிள்ளைகள் பஞோலின் இளமைக்கால நினைவுகளைப் பாடசாலையில் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இந்தப் படத்தைப் பெற்றோருடன் அமர்ந்து பார்க்கலாம். சொல்வதெழுதற் காட்சிக்கு அவர்கள் நம்மைவிட முந்திச் சிரிப்பார்கள்.